ஸ்பானிஷ் பேசும் உலகத்தின் பண்பாட்டு வரலாறு: மாணவர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்பானிஷ் கற்றுத்தரும் இடங்களில் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைப் "பண்பாடு" என்று ஒதுக்கியிருப்பார்கள். காளைச் சண்டை, ஃபிளமெங்கோ நடனம், கால்பந்து என்று சில படங்களைக் காட்டுவதிலேயே அந்த நேரம் முடிந்துவிடும். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நடத்தினேன். பிள்ளைகள் ரசித்தார்கள், ஆனால் பரீட்சை முடிந்ததும் அவர்கள் மனதில் எதுவும் தங்கவில்லை. அதற்கப்புறம்தான் வரலாற்றோடு சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். மாணவர்களும் பெற்றோரும் இந்தப் பாடத்தைப் புதிதாக எடுக்க வரும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

ஸ்பானிஷ் பேசும் உலகம் என்றால் எந்தெந்த நாடுகள்?

இருபது நாடுகள். ஐரோப்பாவில் ஸ்பெயின், ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினி, மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா, சிலி வரை பதினெட்டு நாடுகள். இவற்றோடு புவேர்ட்டோ ரிக்கோ தீவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேசிலில் பேசுவது போர்த்துகீசியம் என்பதால் அது இந்தக் கணக்கில் வராது. ஐக்கிய அமெரிக்காவிலும் நான்கு கோடிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். இந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஸ்பெயினுக்கு வெளியே வாழ்கிறார்கள் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

என் பதில்: சமையலறையிலிருந்து. ஒரு தக்காளி, இரண்டு மிளகாய், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு செண்டுமல்லிப் பூ ஆகியவற்றை மேசைமேல் வைத்து, இவற்றில் எது நம் ஊருடையது என்று கேட்பேன். எல்லாமே நம்முடையவைதான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லும். உண்மையில் நான்குமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. மிளகாய் இந்தியாவுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில், போர்த்துகீசியக் கப்பல்களில். அதுவரை காரத்துக்கு நமக்கு இருந்தது மிளகு. மிளகின் பெயரைத்தான் புதிதாக வந்த காய்க்கும் வைத்தோம்.

அங்கிருந்து சொற்களுக்குப் போகலாம். தக்காளிக்கு ஸ்பானிஷில் "தொமாத்தே". மெக்சிகோவின் நாவாட்ல் மொழியில் இருந்த "தொமாட்ல்" என்ற சொல்லிலிருந்து வந்தது அது. "சில்லி" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதுவும் நாவாட்ல்தான். ஸ்பானியர் வருவதற்கு முன் மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக்குகள் பேசிய மொழி அது. மெக்சிகோவில் இன்றைக்கும் பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதைப் பேசுகிறார்கள். அந்த மொழி இப்போதும் உயிரோடு இருக்கிறது என்று கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாடப்புத்தகம் அவர்களுக்கு ஆஸ்டெக்குகளை அழிந்துபோன கூட்டமாகத்தானே காட்டியிருக்கிறது?

சரி, அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள்? ஏரி நடுவே, 1325 வாக்கில் எழுந்த டெனோச்டிட்லான் என்ற நகரத்தில். ஏரிச் சேற்றை அள்ளிப் பாத்தி போட்டு, அதில் சோளமும் பூவும் வளர்த்தார்கள். ஸ்பானியத் தளபதி எர்னான் கொர்தேஸின் படையும், ஆஸ்டெக்குகளின் மேல் பகை கொண்டிருந்த த்லாஷ்கலா முதலான மக்களின் பெரும்படையும் சேர்ந்து 1521 ஆகஸ்ட் 13 அன்று அதைக் கைப்பற்றின. அந்த இடிபாடுகளின் மேல்தான் இன்றைய மெக்சிகோ நகரம் எழும்பியது. 1978இல் மின்வாரியத் தொழிலாளர்கள் தலைமைத் தேவாலயத்துக்கு அருகே பள்ளம் தோண்டியபோது, மூன்று மீட்டருக்கும் அதிகமான விட்டத்தில் ஒரு வட்டக் கல் தட்டுப்பட்டது. அது சந்திரனோடு தொடர்புடைய கொயொல்ஷாவ்கி என்ற தெய்வத்தின் சிற்பம். அதைத் தொடர்ந்து நடந்த அகழாய்வில் பெருங்கோயிலே வெளியே வந்தது.

ஸ்பெயினிலிருந்து தொடங்கினால் இந்த மக்கள் "கண்டுபிடிக்கப்பட்ட" பிறகுதான் கதைக்குள் நுழைவார்கள். அந்த வரிசையை எப்படியாவது மாற்ற வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

அப்போ ஸ்பெயினைச் சொல்லவே வேண்டாமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் அதுவும் கலப்பில் உருவான நாடு என்று சொல்லுங்கள். 711இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து தாரிக் இப்னு ஸியாதின் படை கடல் தாண்டி வந்தது. "ஜபல் தாரிக்", அதாவது தாரிக்கின் மலை என்ற பெயர்தான் ஜிப்ரால்டர் ஆயிற்று. தென்ஸ்பெயினில் 1492 வரை முஸ்லிம் அரசுகள் ஏதோ ஒரு வடிவில் இருந்தன. கோர்தோபா நகரத்தின் பெரிய மசூதி 8ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கப்பட்டது. இன்றைக்கு அது தேவாலயம். தூண்களுக்கு மேலே சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள் அப்படியே நிற்கின்றன.

இந்த இடத்தில் தமிழ் மாணவர்களுக்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். கரும்பலகையில் மூன்று ஸ்பானிஷ் சொற்களை எழுதுவேன். "அசூக்கர்" என்றால் சர்க்கரை. சமஸ்கிருதத்தின் "சர்க்கரா" பாரசீகம், அரபு வழியாகப் போய் அசூக்கர் ஆனது. "அஹெத்ரேஸ்" என்றால் சதுரங்கம். அதுவும் சமஸ்கிருத "சதுரங்க"விலிருந்து அதே வழியாகப் போனதுதான். "naranja" என்று எழுதி "நராங்ஹா" என்று படிக்கும் சொல்லுக்கு ஆரஞ்சு என்று பொருள். அதன் மூலம் சமஸ்கிருத "நாரங்க". அதற்கும் பின்னால் நம் நாரத்தையோடு உறவுள்ள ஒரு திராவிட வேர் இருப்பதாக மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். காஸ்டீல் அரசன் பத்தாம் அல்ஃபோன்சோ 1283இல் சதுரங்கம் முதலான ஆட்டங்களைப் பற்றி ஓவியங்களோடு ஒரு நூல் எழுதச் செய்தான். அதில் ஒரு முஸ்லிமும் ஒரு கிறிஸ்தவரும் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆடும் படம் ஒன்று உண்டு. அதைக் காட்டாமல் நான் இந்த வகுப்பை முடிப்பதில்லை.

அப்புறம் 1492. ஜனவரியில், கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்தது. மார்ச் மாதம், மதம் மாறாத யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணை வந்தது. ஆகஸ்டில் கொலம்பஸ் புறப்பட்டார். அதே ஆகஸ்டில் நெப்ரிஹா என்ற அறிஞரின் காஸ்டீலிய (அதாவது ஸ்பானிஷ்) மொழி இலக்கணம் அச்சாகி வந்தது. வெளியேறிய யூதர்களில் பலர் துருக்கியரின் ஓட்டோமான் பேரரசு நகரங்களில் குடியேறினார்கள். லடினோ என்ற பழைய ஸ்பானிஷை அவர்களுடைய சந்ததியினர் நூற்றாண்டுக்கணக்கில் காப்பாற்றி வைத்தார்கள். அந்தச் சந்ததியினர் குடியுரிமை பெற வழி செய்யும் சட்டத்தை ஸ்பெயின் 2015இல்தான் இயற்றியது. 523 வருட இடைவெளி! கரும்பலகையில் மாணவர்களே கழித்துப் பார்க்கட்டும்.

அக்டோபர் 12ஐ எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அந்த நாளுக்கு ஒவ்வொரு நாடும் வைத்திருக்கும் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். கொலம்பஸ் கரீபியத் தீவு ஒன்றில் இறங்கிய அந்த நாள்தான் ஸ்பெயினுக்குத் தேசிய தினம். பல லத்தீன் அமெரிக்க நாடுகளில் அது வெகுகாலம் "இன தினம்" என்றே இருந்தது. வெனிசுவேலா 2002இல் அதைப் "பூர்வகுடிகளின் எதிர்ப்பு தினம்" என்று மாற்றியது. அர்ஜென்டினாவில் 2010 முதல் "பண்பாட்டுப் பன்மைக்கு மதிப்பளிக்கும் தினம்". பெயர்களை மட்டும் கொடுத்துவிட்டு, அந்தந்த நாடு ஏன் அதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று குழுக்களாகப் பேசச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் ஒரு மாதப் பாடத்துக்குச் சமமான வகுப்பு இது.

எல்லாம் வென்றவர்கள் எழுதியதுதானே? தோற்றவர்கள் பக்கத்திலிருந்து ஏதாவது இருக்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

1529இல் மெக்சிகோ வந்த பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, நாவாட்ல் கற்று, முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதவைத்தார். எழுதியவர்களும் வரைந்தவர்களும் அந்த ஊர் அறிஞர்கள். அந்தோனியோ வலேரியானோ, மார்ட்டின் ஹகோபிட்டா என்று சிலருடைய பெயர்கள்கூட நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1577 வாக்கில் பன்னிரண்டு பாகங்களாக, 2,400க்கு மேற்பட்ட படங்களோடு அது முடிந்தது. ஒரு பத்தியில் நாவாட்ல், பக்கத்துப் பத்தியில் ஸ்பானிஷ். இப்போது இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர நூலகத்தில் இருப்பதால் "ஃபுளோரன்ஸ் ஏடு" என்கிறார்கள். பன்னிரண்டாம் பாகம் நகரம் வீழ்ந்த கதையை அந்த மக்களின் வாய்மொழியாகவே சொல்கிறது. கெட்டி ஆய்வு நிறுவனம் 2023இல் ஏடு முழுவதையும் இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டது. மொழி தெரியாத பிள்ளைகூட அந்தப் படங்களைப் பார்த்துக் கதை சொல்லும்.

பெருவில் குவாமான் போமா என்பவர் 1615 வாக்கில் ஸ்பெயின் மன்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் என்றால் ஏறக்குறைய 1,200 பக்கம், 398 முழுப்பக்கக் கோட்டோவியங்கள்! ஸ்பானியருக்கு முன் பெருவை ஆண்ட இன்காக்களின் காலத்து வாழ்க்கை, காலனி அதிகாரிகளின் கொடுமை, பாதிரிமார்களின் கொடுமை எல்லாம் அதில் இருக்கின்றன. அது எப்படியோ டென்மார்க் போய்ச் சேர்ந்து, 1908இல் கோபன்ஹேகன் நூலகத்தில் ஓர் ஆய்வாளர் கண்ணில் பட்டது. அதையும் இணையத்தில் பார்க்கலாம்.

மாயா ஏடுகளின் கதை வேதனையானது. 1562இல் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் இருக்கும் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயா மக்களின் நூல்களைக் குவித்து எரித்தார். அதில் அந்த மக்கள் பட்ட துயரத்தை அவரே எழுதியிருக்கிறார். உலகம் முழுவதிலும் இன்று மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு மாயா ஏடுகள். அதே லாந்தா ஒரு மாயா எழுத்துப் பட்டியலையும் எழுதி வைத்திருந்தார். அந்தப் பட்டியலை வைத்துத்தான் யூரி க்னோரசோவ் என்ற சோவியத் ஆய்வாளர் 1952இல் மாயா எழுத்தைப் படிக்க வழி திறந்தார். எரித்தவர் கையே சாவியையும் விட்டுப்போயிருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் சண்டை போடுகிறார்கள். நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

சின்னப் பிள்ளைகளிடம் இந்த வன்முறையை எல்லாம் சொல்லலாமா?

சொல்லலாம், வயதுக்கேற்ப. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் படுகொலையின் விவரங்கள் தேவையில்லை. ஆனால் மூடி மறைக்கவும் கூடாது. 1520இல் பரவிய பெரியம்மை லட்சக்கணக்கில் உயிர்களைக் கொண்டுபோனது, இன்றைய பொலிவியாவின் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்தில் மலைமக்களைக் கட்டாய வேலை வாங்கினார்கள், அதையெல்லாம் தவறு என்று அன்றே சொன்னவர்களும் இருந்தார்கள். இந்த மூன்றும் போதும். பார்த்தலோமே தெ லாஸ் கசாஸ் என்ற பாதிரியார் 1550, 51இல் ஸ்பெயினின் வய்யாதோலித் நகரில், பூர்வகுடிகளை அடிமைப்படுத்துவது நியாயமில்லை என்று அறிஞர் சபையில் வாதாடினார். "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்" என்று யாராவது சொன்னால், இவரைக் காட்டுங்கள்.

ஆப்பிரிக்கர்களின் பங்கு என்ன?

பாடத்திட்டங்களில் அதிகம் விடுபடுவது இதுதான். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் இல்லாமல் கியூபாவின் ரும்பாவும் சோன் இசையும் கிடையாது. கியூபாவில் அடிமைமுறை 1886இல்தான் ஒழிந்தது. ஃபிளமெங்கோ மேடையில் ஒருவர் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து கையால் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கஹோன் என்ற அந்த வாத்தியம் பெருவின் கறுப்பின மக்களுடையது. 1970களின் பிற்பகுதியில் கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியா அதை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்.

கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்கு அருகே சான் பசிலியோ தெ பலெங்கே என்ற ஊர் இருக்கிறது. தப்பி ஓடிய அடிமைகள் 17ஆம் நூற்றாண்டில் வேலி போட்டு அமைத்த குடியிருப்பு அது. ஸ்பானிஷ் சொற்களும் மத்திய ஆப்பிரிக்காவின் கிகோங்கோ மொழிக் கூறுகளும் கலந்து அங்கே ஒரு தனி மொழியே உருவாகி, இன்றும் பேசப்படுகிறது. தப்பிக்கும் பாதையைப் பெண்கள் தலைப்பின்னலில் வரைபடமாகப் பின்னிக்கொண்டார்கள் என்பது அந்த ஊரின் வாய்மொழி வரலாறு. எழுதிய ஆவணம் எது, வாய்மொழி எது, இரண்டையும் எப்படி மதிப்பது என்று பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இந்தியாவுக்கு ஏதாவது நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு, பசிபிக் கடல் வழியாக. 1565 முதல் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டு, பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. வெள்ளி இந்தப் பக்கம் வந்தது. பட்டு, பீங்கான், இந்தியத் துணி, அடிமைகள் அந்தப் பக்கம் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் கதரீனா தெ சான் ஹுவான். இந்தியாவில் பிறந்து, சிறுமியாகக் கடத்தப்பட்டு, மணிலாவில் விற்கப்பட்டு, மெக்சிகோவின் புவேப்லா நகரில் வாழ்ந்தவர். 1688இல் அவர் இறந்தபோது ஊரே அவரைப் புனிதவதியாகக் கொண்டாடியது. அவரைப் பற்றி அவருடைய பாவசங்கீர்த்தனக் குரு எழுதிய பெரிய நூலை கத்தோலிக்கத் திருச்சபையின் மதவிசாரணை மன்றம் பிற்பாடு தடை செய்தது.

மெக்சிகோவில் ஒரு மாம்பழ வகைக்கு மணிலா என்றே பெயர். "மாங்கோ" என்ற சொல்லோ நம் மாங்காய்க்கு உறவு. கொலிமா மாநிலத்துக்குப் போனால் தெருவில் "தூபா" விற்பார்கள். தென்னம்பாளையில் இறக்கும் சாறு! பிலிப்பைன்ஸ் மாலுமிகள் கற்றுக்கொடுத்தது. அதன்மேல் வேர்க்கடலையைத் தூவிக் கொடுப்பார்கள். அந்த வேர்க்கடலைக்குத் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் மணிலாக்கொட்டை என்று பெயர், பேச்சில் மல்லாட்டை. முதல் வகுப்பில் மேசைமேல் வைத்த கடலையை இந்த வகுப்பில் மறுபடியும் எடுத்து வைப்பேன்.

எந்த ஸ்பானிஷைக் கற்றுக்கொள்வது, ஸ்பெயினுடையதா மெக்சிகோவுடையதா?

எது கிடைக்கிறதோ அது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு நமக்குப் பழக்கம் என்பதால் "தூ", "உஸ்தேத்" தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சுலபம். அர்ஜென்டினாவில் "தூ"வுக்குப் பதில் "வோஸ்" என்பார்கள். மற்ற மொழிகளை மறக்காமல் சொல்லுங்கள்: பராகுவேயில் குவாரனியும் ஆட்சிமொழி. பொலிவியாவின் 2009 அரசியல் சட்டம் ஸ்பானிஷோடு 36 பூர்வகுடி மொழிகளை ஏற்றிருக்கிறது. ஸ்பெயினுக்குள்ளேயே கத்தலான், பாஸ்க், கலீசியன் உண்டு. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் அந்த மொழிகள் பள்ளிகளிலிருந்தும் அரசு அலுவல்களிலிருந்தும் விலக்கப்பட்டிருந்தன.

"இறந்தோர் நாள்" விழாவை வகுப்பில் கொண்டாடலாமா?

தாராளமாக. மண்டையோட்டு முகமூடி, பெரிய தொப்பி, ஒட்டுமீசை என்று வேஷம் கட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோ மக்கள் இறந்துபோன சொந்தக்காரர்களுக்குப் படையல் வைக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு, படம், மெழுகுவர்த்தி, வழிகாட்ட செண்டுமல்லி இதழ்கள். செண்டுமல்லியின் தாய்நாடே மெக்சிகோதான். அதன் நாவாட்ல் பெயருக்கு "இருபது பூ" என்று அர்த்தம். மெக்சிகோ நகரத்தில் நடக்கும் பிரம்மாண்ட ஊர்வலம் 2016இல் ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் காட்டிய கற்பனை ஊர்வலத்தைப் பார்த்துத்தான் அதைத் தொடங்கினார்கள். ஸ்பானிஷ் உலகம் முழுவதும் ஒரே மாதிரி கொண்டாடுகிறது என்றும் சொல்லிவிடாதீர்கள். குவாத்தமாலாவின் சும்பாங்கோ ஊரில் அன்றைக்கு ராட்சதக் காற்றாடிகள் விடுவார்கள்.

பெண்களை எங்கே காட்டுவது?

சோர் ஹுவானா இனெஸ் தெ லா குரூஸ், 17ஆம் நூற்றாண்டு மெக்சிகோவின் பெருங்கவிஞர். ஆண் வேடம் போட்டாவது பல்கலைக்கழகம் போகிறேன் என்று சிறுமியாக அம்மாவிடம் கெஞ்சியவர். குறித்த காலத்துக்குள் படிக்க நினைத்ததைப் படித்து முடிக்காவிட்டால், அறிவில்லாத தலைக்கு அழகான கூந்தல் எதற்கு என்று முடியை வெட்டிக்கொள்வாராம். இதையெல்லாம் 1691இல், பெண்களின் கல்வி உரிமைக்காக எழுதிய நீண்ட கடிதத்தில் அவரே சொல்கிறார். கன்னியர் மடத்தில் சேர்ந்து, புத்தகம் சேர்த்து, நாவாட்ல் மொழியிலும் பாட்டு எழுதினார். கொள்ளைநோயில் சக கன்னியரைக் கவனித்துக்கொண்டிருந்தபோது தாமும் நோய்கண்டு 1695இல் இறந்தார். மெக்சிகோவின் 100 பேசோ நோட்டில் இப்போது அவர் முகம்தான் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டு அரசியலைத் தொடலாமா?

தொட்டே ஆக வேண்டும். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. ராணுவம் பிடித்துப்போய்க் காணாமல்போன பிள்ளைகளைத் தேடிய பதினான்கு தாய்மார்கள் 1977 ஏப்ரல் 30 அன்று புவேனோஸ் அய்ரெஸின் பிளாசா தெ மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கும்பலாக நிற்கக் கூடாது என்று போலீஸ் சொன்னது. இருவர் இருவராக நடக்க ஆரம்பித்தார்கள். தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த நடை தொடர்ந்தது. சிறையில் பிறந்து பிறர் வீட்டில் வளர்ந்த குழந்தைகளைத் தேடிய பாட்டிமார்கள், மரபணுச் சோதனையின் துணையோடு 130க்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிலியில் சர்வாதிகாரி பினோசே ஆட்சியின்போது பெண்கள் பழைய துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடந்த கொடுமைகளைப் படமாக்கினார்கள். "அர்பியேரா" என்று பெயர். என் மாணவர்களும் ஒரு தடவை தைத்தார்கள். அவரவர் தெருவில் நடந்த, யாரும் பேசாத ஒரு விஷயத்தைத் தைக்கச் சொன்னேன். வகுப்பு அன்றைக்குப் போல அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு பருவத்தில் பத்து மணி நேரம்தான் கிடைக்கிறது. எதை விடுவது?

மன்னர்களின் வரிசையை விடுங்கள். நாடுகளையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்யவைப்பதை விடுங்கள், வரைபடத்தைச் சுவரில் மாட்டினால் போதும். காளைச் சண்டையை விடுங்கள், அதை அவர்களே தேடிப் பார்ப்பார்கள். சமையலறைப் பொருள்களுக்கு ஒரு மணி, அரபு ஸ்பெயினுக்கு ஒரு மணி, அக்டோபர் 12க்கு ஒரு மணி, பலெங்கேக்கும் மணிலாக் கப்பலுக்கும் ஒவ்வொரு மணி, தாய்மார்களுக்கு ஒரு மணி. மீதி நான்கு மணியையும் ஃபுளோரன்ஸ் ஏட்டுக்கும் குவாமான் போமாவுக்கும் கொடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்து, முதல் பத்து நிமிடம் எதுவும் பேசாமல் படத்தை மட்டும் பார்க்கவிடுங்கள்.